ஒரு டாக்சி, ஒரு ஐபாட், உடுக்கைப் பாட்டு: யாங்கோன் பட்டறையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

2014 நவம்பர். மழைக்காலம் விலகி, தெருச்சேறு தூசியாக மாறிக்கொண்டிருந்த நேரம். யாங்கோன் காளி கோயிலிலிருந்து நடந்து வரும் தூரத்தில் அப்போது என் பட்டறை இருந்தது. வாசலில் ஒரு வெள்ளை டொயோட்டா ப்ரோபாக்ஸ் டாக்சி வந்து நின்றது. இறங்கியவருக்கு அறுபதை நெருங்கும் வயது. யாங்கோனின் தாமுவே பகுதியில் குடியிருக்கும் தமிழர். வாய் நிறைய வெற்றிலை. "சயா, வண்டியில் பாட்டு பத்து நிமிடம் ஒழுங்காகப் பாடமாட்டேன் என்கிறது. இரண்டு இடத்தில் காட்டிவிட்டேன்" என்றார். பர்மாவில் கைத்தொழில் தெரிந்த எவனும் சயாதான். நாங்கள் இருவரும் தமிழில் பேசினாலும் அந்த ஒரு சொல் மட்டும் பர்மியத்திலேயே நிற்கும். நான் அவரை மாமா என்றேன். இந்தக் குறிப்பிலும் அவர் மாமாவாகவே இருக்கட்டும்.

அவர் மேசை மேல் வைத்தவை மூன்று: சிங்கப்பூரில் வேலை செய்யும் அக்காள் மகன் கொடுத்த ஐபாட் கிளாசிக் (ஆப்பிளின் பாட்டுக் கருவி), சிகரெட் லைட்டர் துளையில் செருகும் சீன எஃப்எம் டிரான்ஸ்மிட்டர் (ஐபாடின் பாட்டைச் சின்ன வானொலி நிலையம்போல வண்டியின் ரேடியோவுக்கு அனுப்புவது), அதே துளைக்கான சார்ஜர். முதல் இடத்தில் "ஐபாட் போய்விட்டது" என்றார்களாம். இரண்டாவது இடத்தில் "டைனமோவை மாற்று" என்றார்களாம். நான் ஹெட்ஃபோனைச் செருகி ஐபாடைக் கேட்டேன். கண்ணாடி போலப் பாடியது. டைனமோவை அளந்தேன். எஞ்சின் ஓடும்போது 14.1 வோல்ட். அதற்கும் ஒரு குறையுமில்லை. பழுதில்லாத பொருள்களைக் கூட்டி வைத்துப் பழுதான பாட்டை உண்டாக்கியிருந்தார்கள். இந்த வழக்கை எழுதி வைக்கத் தோன்றியதற்கு அதுவே காரணம்.

ஒன்றை மட்டும் அன்றைக்கு நான் கேட்கவில்லை: "மாமா, இதற்குள் என்ன பாட்டு இருக்கிறது?" அதன் விலையை மூன்றாம் நாள் கிட்டத்தட்டக் கொடுக்கப் பார்த்தேன். அதைப் பின்னால் சொல்கிறேன்.

எண்பத்தொன்பதில் வந்து உட்காரும் அறிவிப்பாளர்

மாமா சொன்ன அறிகுறி இது. பாட்டு போய்க்கொண்டிருக்கும், திடீரென்று நடுவில் ஒரு பெண் குரல் பர்மிய மொழியில் விளம்பரம் படிக்கும், இரண்டு தெரு தாண்டினால் பாட்டு திரும்பி வரும். இரண்டும் கலந்து கேட்பதில்லை. ஒன்று போனால்தான் மற்றொன்று.

இது எஃப்எம்முக்கே உரிய குணம். ஒரே அலைவரிசையில் இரண்டு நிலையங்கள் வந்தால், பலமாக வருவதை மட்டும் ரேடியோ பிடித்துக்கொண்டு மற்றதை அமுக்கிவிடும். நடுத்தர அலையில் இரண்டும் கலந்து சந்தைக்கடைபோலக் கேட்கும். எஃப்எம்மில் அப்படி இல்லை. டிரான்ஸ்மிட்டரின் சக்தி மிகச் சிறியது. வண்டிக்கு உள்ளே அது, தகரக் கூரைக்கு வெளியே ரேடியோவின் ஏரியல். ஊரின் உண்மையான நிலையம் அந்தப் பக்கம் சற்றுப் பலமாக வீசினால் போதும், மாமாவின் பாட்டு தோற்றுவிடும்.

"அப்படியானால் ஆளில்லாத இடத்துக்கு மாற்ற வேண்டியதுதானே?" என்று கேட்கலாம். மாற்றத்தான் இடமில்லை. ஜப்பானில் எஃப்எம் ஒலிபரப்பு அந்த வண்டிகள் செய்யப்பட்ட காலத்தில் 76 மெகாஹெர்ட்ஸில் தொடங்கி 90இல் முடிந்துவிடும். உலகின் பெரும்பகுதியில் அது 87.5 முதல் 108 வரை. அப்போது யாங்கோனில் ஓடிய கார்களில் மிகப் பெரும்பான்மை ஜப்பானில் ஓடி முடித்து வந்தவை. 2011இல் பழைய வண்டியை ஒப்படைத்துவிட்டு இறக்குமதி உரிமம் பெறலாம் என்று அரசு திறந்துவிட்ட பிறகு அவை வெள்ளமாக வந்து இறங்கின. 1970 முதல் பர்மாவில் நாங்கள் சாலையின் வலப்பக்கம் ஓட்டுகிறோம்; வண்டிகளோ ஸ்டீயரிங்கையும் வலப்பக்கமே வைத்துக்கொண்டு வந்தன. ஓட்டுநர் நடைபாதை ஓரமாக உட்கார்ந்து எதிரே வருவதைக் கழுத்தை நீட்டிப் பார்க்க வேண்டியிருப்பதைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். அதே வண்டியின் ரேடியோ 90க்கு மேல் செவிடு என்பதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

டிரான்ஸ்மிட்டர் 87.5க்குக் கீழே இறங்காது. ரேடியோ 90க்கு மேலே ஏறாது. இருவரும் சந்திக்கக் கிடைத்தது இரண்டரை மெகாஹெர்ட்ஸ் சந்து. அந்தச் சந்தின் நட்டநடுவில் 2001இலிருந்து 89.0இல் சிட்டி எஃப்எம் வீடு கட்டிக் குடியிருக்கிறது. அதற்கு இருபுறமும் வேறு நிலையங்கள். மாமா 88.3இல் வைத்துப் பார்த்தார், 89.5இல் வைத்துப் பார்த்தார். ஒன்று ஓரிடத்தில் கேட்டால் மற்றோரிடத்தில் கேட்காது. பயணியை ஏற்றிக்கொண்டு, வெற்றிலையை மென்றுகொண்டு, ஒரு கையால் டிரான்ஸ்மிட்டர் பொத்தானை அழுத்திக்கொண்டு ஊர் முழுவதும் ஓட்டியிருக்கிறார். விபத்து நேராதது பீலிக்கான் முனீஸ்வரர் புண்ணியம்.

இதற்கு ஏரியல் ஒயரின் நடுவே போடும் ஒரு சிறிய பெட்டி உண்டு. வானில் வருவதை மொத்தமாகக் கீழே இறக்கி ரேடியோவுக்குக் கொடுக்கும். 12 மெகாஹெர்ட்ஸ் இறக்கும் பெட்டியென்றால், வானில் 100இல் இருப்பது ரேடியோவில் 88 என்று காட்டும். ஊர் நிலையங்களைக் கேட்க நல்ல உபாயம். ஆனால் மாமாவுக்கு வேண்டியது ஊர் நிலையமல்ல, தன் பாட்டு. காற்றில் ஏற்றிக் காற்றிலிருந்து இறக்குவதே வீண் சுற்று. ஒயர் வழியாகக் கொடுத்துவிடுவோம் என்றேன். கேசட் வாய் உள்ள பழைய வண்டியாக இருந்தால் அன்றைக்கே முடித்து அனுப்பியிருப்பேன். கேசட் வடிவத்தில் ஒயர் தொங்கும் ஓர் அடாப்டர் வரும். அதற்குள் இருக்கும் சிறிய காந்தத் தலை ரேடியோவின் தலைக்கு நேரே உட்கார்ந்து பாட்டைக் காதில் ஓதுவதுபோல ஓதிவிடும். டிரான்ஸ்மிட்டரைவிட அது எவ்வளவோ மேல். இந்த வண்டியில் இருந்ததோ சிடி ரேடியோ. முன்னால் எந்தத் துளையும் இல்லை. பின்னால் இருந்த துளையும் வேறு கருவிக்கானது.

டாஷ்போர்டுக்குப் பின்னால்

முன்பக்கம் ஆக்ஸ் துளையும் (வெளிக் கருவியின் ஒலியை ஒயர் வழியாக வாங்கிக்கொள்வது) யூஎஸ்பி துளையும் உள்ள பழைய ரேடியோ ஒன்றை வாங்கி மாற்றினோம். அதுவும் ஜப்பான் பெட்டிதான். 90க்கு மேல் அதற்கும் காது கேட்காது. இனி அதைப் பற்றிக் கவலையில்லை.

டொயோட்டா வண்டியில் ரேடியோவுக்குப் பின்னால் 10 பின் செருகி ஒன்றும் 6 பின் செருகி ஒன்றும் இருக்கும். பத்தில் மின்சாரமும் முன் ஸ்பீக்கர்களும்; ஆறில் பின் ஸ்பீக்கர்கள். நீலத்தில் மஞ்சள் கோடு போட்ட ஒயர் எப்போதும் உயிரோடு இருக்கும் 12 வோல்ட். சாம்பல் நிற ஒயர் சாவியைத் திருப்பினால் வருவது. பழுப்பு நிறம் எர்த். வெளியில் வாங்கும் ரேடியோக்களில் இவை முறையே மஞ்சள், சிவப்பு, கறுப்பு. நிறம் தெரிந்தவனுக்குப் பத்து நிமிட வேலை.

வண்டியில் யாரோ மஞ்சளையும் சிவப்பையும் ஒன்றாக முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். சாவி இல்லாமலே ரேடியோ பாட வேண்டும் என்பதற்காகச் செய்யும் குறுக்குவழி இது. சாவியை எடுத்த பிறகும் ரேடியோ விழித்துக்கொண்டிருக்கும். மீட்டரை இடையில் போட்டுப் பார்த்தேன். நின்ற வண்டி 0.3 ஆம்பியர் குடித்துக்கொண்டிருந்தது. ஒரு நாளைக்கு ஏழு ஆம்பியர்-மணிக்கு மேல். சின்ன வண்டியின் சின்ன பாட்டரிக்கு இரண்டு நாள் ஓய்வு கொடுத்தால் மூன்றாம் நாள் காலையில் தள்ளித்தான் கிளப்ப வேண்டும். "அதனால்தானா சயா, பௌர்ணமிக்கு வீட்டிலிருந்தால் மறுநாள் வண்டி கிளம்புவதில்லை?" என்றார் மாமா. டைனமோவை மாற்றச் சொன்னவர் ஏன் அப்படிச் சொன்னார் என்பதும் விளங்கியது. பிரித்துப் போட்டேன். இது பாட்டுக் கோளாறு அல்ல; ஆனால் பாட்டுக் கோளாறைத் தேடிப் போகாவிட்டால் அகப்பட்டிருக்காது.

ஐபாடின் ஹெட்ஃபோன் துளையிலிருந்து ஆக்ஸுக்கு ஒரு 3.5 மில்லிமீட்டர் ஒயர். ஐபாடின் சத்தத்தை முக்கால் அளவில் வைத்துவிட்டு மற்றதை ரேடியோவில் ஏற்றிக்கொள்ளச் சொன்னேன். முழுதாக ஏற்றினால் ரேடியோவின் வாசலிலேயே ஒலி உடையும். மிகக் குறைத்தால் ரேடியோவை ஏற்றும்போது இரைச்சலும் சேர்ந்து ஏறும். மாமா கேட்டார், தலையை ஆட்டினார், போனார்.

முனகல்

மறுநாள் காலையில் திரும்பி வந்தார். "பாட்டுக்குப் பின்னால் ஒரு கொசு பாடுகிறது, சயா. ஆக்ஸிலேட்டரை மிதித்தால் கொசுவும் மேலே போகிறது."

இதைத்தான் நான் இந்த வழக்கின் உயிர் என்பேன். ஏனென்றால் இந்தக் கொசுவைத் துரத்தப் போய்த் தேவையில்லாமல் ஆல்டர்னேட்டரை (டைனமோ என்று சொல்வது இதைத்தான்) மாற்றியவர்கள், ஸ்பீக்கரை மாற்றியவர்கள், ஏன், காரையே விற்றவர் ஒருவரும் எனக்குத் தெரியும். முதலில் அது எங்கிருந்து வருகிறது என்று கணக்குப் போட்டுப் பார்த்தோம். கார் ஆல்டர்னேட்டரில் பொதுவாக 12 துருவம், மூன்று கட்டம். அதை டயோடுகள் நேர்மின்சாரமாக்கும்போது ஒரு சுற்றுக்கு 36 சின்ன அலைகள் மிஞ்சும். எஞ்சின் நின்ற இடத்தில் நிமிடத்துக்கு 800 சுற்று ஓடினால், ஆல்டர்னேட்டர் கப்பி சிறியது என்பதால் அது ஏறக்குறைய 2,000 சுற்று ஓடும். வினாடிக்கு முப்பத்து மூன்று சுற்று. அதை 36ஆல் பெருக்கினால் சுமார் 1,200 ஹெர்ட்ஸ். காதுக்கு நன்றாகக் கேட்கும் சீழ்க்கை. மிதித்தால் இரண்டாயிரம், மூவாயிரம் என்று ஏறும். எஞ்சினோடு ஏறி இறங்கும் ஓசை என்றால் ஊற்று இதுதான்.

ஆனால் ஊற்று எது என்பது ஒரு கேள்வி. அது எந்த வழியாகப் பாட்டுக்குள் கசிந்தது என்பது வேறு கேள்வி. அந்தச் சின்ன அலை எல்லாக் கார்களிலும் இருக்கிறது. எல்லாக் கார்களும் முனகுவதில்லை.

மாமாவை எஞ்சினை ஓடவிடச் சொல்லிவிட்டு ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். ஆக்ஸ் ஒயரை ரேடியோவிலிருந்து எடுத்தேன்: அமைதி. செருகினேன்: முனகல். சார்ஜரைப் பிடுங்கி ஐபாடை அதன் சொந்த பாட்டரியில் ஓடவிட்டேன்: அமைதி. பவர் பாங்க் ஒன்றிலிருந்து சார்ஜ் கொடுத்தேன்: அப்போதும் அமைதி. ஆக, ஐபாட் காரிலிருந்து மின்சாரம் எடுக்கும்போது மட்டும், அதுவும் காரின் ரேடியோவோடு சேர்ந்திருக்கும்போது மட்டும் முனகல். எஞ்சினை நிறுத்திச் சாவியை மட்டும் போட்டால் சீழ்க்கை போய், மெல்லிய ஒரே சுருதி ரீங்காரம் மிஞ்சியது. அது சார்ஜரின் சொந்தச் சரக்கு. மலிவான சார்ஜர் 12 வோல்ட்டை 5 ஆக்கும் வேலையில் எழுப்பும் சத்தம்.

விஷயம் இதுதான். ஐபாடுக்கு எர்த் இரண்டு வழியாக வருகிறது: ஒன்று சார்ஜர் ஒயர் வழியாக லைட்டர் துளைக்கு, மற்றொன்று ஆக்ஸ் ஒயரின் உறை வழியாக ரேடியோவுக்கு. இரண்டு எர்த்தும் ஒன்றுதான் என்று நாம் நினைக்கிறோம். கார் அப்படி நினைப்பதில்லை. மீட்டரை லைட்டர் துளையின் எர்த்துக்கும் ரேடியோ உடலுக்கும் நடுவே வைத்தேன்: 18 மில்லிவோல்ட். ஹெட்லைட்டைப் போட்டால் 40. பாட்டே சில நூறு மில்லிவோல்ட்தான். அதில் நாற்பது போய்ச் சேர்ந்தால் கொசு இல்லை, குளவியே கேட்கும். இரண்டு எர்த்துகளும் ஒயர்களும் சேர்ந்து ஒரு வளையமாகிவிட்டன. அந்த வளையத்தில் ஆல்டர்னேட்டரின் அலை உலாப் போகிறது.

லைட்டர் துளையின் எர்த் எங்கே போகிறது என்று பார்த்தபோது, மிதியடிக்குக் கீழே துருப்பிடித்த ஒரு திருகில் போய் முடிந்தது. துருவைச் சுரண்டி எறிந்துவிட்டு, ரேடியோவின் எர்த்தையும் அதையும் ஒரே இடத்தில், சுத்தமான இரும்பில் சேர்த்துக் கட்டினேன். பாதி முனகல் அங்கேயே போயிற்று. மீதிப் பாதிக்கு நான் வைத்திருந்த மருந்து மின்மாற்றி. பழைய டயல்-அப் மோடம்களைப் பிரித்தால் உள்ளே விரல் நுனியளவு மின்மாற்றி இருக்கும். 600 ஓம் இந்தப் பக்கம், 600 ஓம் அந்தப் பக்கம், நடுவே காந்தப்புலம் மட்டும். இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று ஆக்ஸ் வழியில் போட்டால் ஒலி தாண்டும், எர்த் தாண்டாது. வளையம் அறுந்துவிடும். பட்டறையில் குவிந்து கிடந்த மோடங்களிலிருந்து இரண்டைப் பிடுங்கிச் சின்ன டப்பாவில் போட்டுப் பற்றவைத்தேன். முனகல் முழுதாகப் போயிற்று. எனக்குப் பெருமையாக இருந்தது.

மாமா நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, "சத்தம் போய்விட்டது, சரிதான். ஆனால் அப்பாவின் உடுக்கை இப்படி இருக்காது" என்றார்.

அப்போதுதான் சொன்னார். அந்த ஐபாடில் ஆயிரக்கணக்கான சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே 38 பாட்டுகள் அவருடைய அப்பா பாடியவை. பீலிக்கான் திருவிழாவுக்கு ஆண்டு தவறாமல் போய் உடுக்கை அடித்துப் பாடியவர் அவர். யாரோ கேசட்டில் பிடித்து வைத்திருந்தார்கள். மருமகன் சிங்கப்பூருக்கு எடுத்துப் போய் மடிக்கணினியில் ஏற்றிக் கொடுத்தான். கேசட்டுகள் பூஞ்சை பிடித்துப் போயின. மடிக்கணினியும் பின்னால் கெட்டுப்போயிற்று. மிஞ்சியது மேசை மேல் இருந்த இந்த ஒன்று.

உடுக்கையைப் பற்றி அவர் சொன்னது சரி. மோடம் மின்மாற்றி தொலைபேசிப் பேச்சுக்காகச் செய்தது. மனிதக் குரலைக் கொண்டுபோகும். கீழ்ச்சுருதி ஒலியை வடிகட்டிவிடும். உடுக்கையின் இடுப்பை அழுத்தி விடும்போது வரும் அந்தக் கனத்த வளைவு, மின்மாற்றி வழியாகத் தட்டுச்சத்தமாக வந்தது. பெரிய, நல்ல மின்மாற்றி போட்டால் தேறும். அன்றைக்கு என்னிடம் இல்லை. நான் கழற்றிவிட்டேன். கோளாறு தீர்ந்தது என்று மீட்டர் சொன்னாலும் கேட்பவர் இல்லை என்றால் இல்லைதான்.

கணினி வழி

மிஞ்சிய வழி யூஎஸ்பி. ஒயரில் போவது ஒலி அல்ல, எண்கள். ஆல்டர்னேட்டர் எவ்வளவு முனகினாலும் எண்ணுக்கு உறைக்காது. ஐபாடின் 30 பின் ஒயரை நேராக ரேடியோவின் யூஎஸ்பியில் செருகினோம். துண்டிக்க வேண்டாம் என்று திரையில் காட்டிவிட்டு ஐபாட் தன் பாட்டை நிறுத்திக்கொண்டது. ரேடியோ அதை ஒரு டிஸ்க் என்று பார்த்துக் கிடைத்ததைப் பாடியது. முனகல் துளியும் இல்லை. ஆனால் என்ன பாடுகிறது, எந்த வரிசையில் பாடுகிறது என்பது ரேடியோவுக்கே தெரியவில்லை. காரணம், ஐபாட் பாட்டுகளை நாம் வைத்த பெயரில் வைப்பதில்லை. மறைத்து வைத்த ஒரு கோப்புறைக்குள் எண்ணிட்ட அறைகள். அவற்றில் நான்கெழுத்துக் குருட்டுப் பெயர்களோடு பாட்டுகள். எது எது என்பது தனியே ஒரு தரவுக் கோப்பில் இருக்கும். அது ஐபாடுக்கும், அதில் பாட்டு ஏற்றும் ஆப்பிளின் கணினி நிரலான ஐடியூன்ஸுக்கும் மட்டும் புரியும். ரேடியோவுக்கு அது கண்ணைக் கட்டிவிட்ட காடு. அப்பாவின் பாட்டு ஒன்றுகூட வரவில்லை. அது ஏன் என்பது பின்னால்தான் தெரிந்தது.

ஆகவே கணினியில் இறக்கி, பெயர் கொடுத்து, பென் டிரைவில் வைப்பது என்று முடிவாயிற்று. அங்கேதான் நான் சறுக்கப் பார்த்தேன்.

முதலில் கணினி ஐபாடைப் பார்க்கவே இல்லை. என் பையன் மூன்று முறை கணினியை மறுபடி கிளப்பினான். ரேடியோவில் போட்ட ஒயரை விட்டுவிட்டு அவன் செருகியிருந்தது மாமாவின் கார் சார்ஜரோடு வந்த சுருள் ஒயர். யூஎஸ்பி ஒயருக்குள் நான்கு கம்பிகள் வேண்டும்: சிவப்பும் கறுப்பும் மின்சாரத்துக்கு, பச்சையும் வெள்ளையும் பேச்சுக்கு. சுருள் ஒயரில் இரண்டே கம்பி. சோறு போடும், பேச்சுவார்த்தை கிடையாது. ஒயரை மாற்றி, கணினியின் பின்பக்கத் துளையில் செருகச் சொன்னேன். சுழலும் தட்டு உள்ள கருவி அது; முன்பக்கத் துளைகளில் சில 500 மில்லி ஆம்பியரை ஒழுங்காகத் தருவதில்லை.

சொல்லிவிட்டு எதிர்க் கடைக்குத் தேநீர் குடிக்கப் போனேன். திரும்பி வந்தபோது திரையில் ஒரு பெட்டி. இந்த ஐபாட் வேறொரு கணினியின் தொகுப்போடு சேர்ந்தது. இதை அழித்துவிட்டு இந்தக் கணினியோடு சேர்க்கலாமா என்று ஐடியூன்ஸ் கேட்டுக்கொண்டிருந்தது. பையனின் சுட்டி "அழித்துச் சேர்" என்ற பொத்தானின் மேல். அவன் மேல் தப்பில்லை. "சேர்" என்பதைத்தானே செய்ய உட்கார்ந்திருக்கிறான். நான் போட்ட கூச்சலில் வாசலில் நின்ற மாமா வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

ஐபாடுக்கும் ஐடியூன்ஸுக்கும் உள்ள உறவு ஒருவழிப் பாதை. கணினியிலிருந்து கருவிக்குப் பாட்டு போகும். ஐடியூன்ஸ் கடையில் வாங்கியதைத் தவிர வேறெதுவும் கருவியிலிருந்து கணினிக்கு வராது. ஒருவரிடம் உள்ள பாட்டு ஊர் முழுக்கப் பரவக்கூடாது என்பதற்காக அப்படிச் செய்தார்கள். மேலும் ஒரு கருவிக்கு ஒரு தொகுப்புதான். புதுக் கணினியைக் கண்டால் பழையதை மறந்துவிடத் தயாராக நிற்கும். சிங்கப்பூர் மடிக்கணினி செத்துப்போனபின், இந்த ஐபாடுக்கு உலகின் எல்லாக் கணினியும் அந்நியம்தான். விண்டோஸ் கணினியில் செருகும்போது ஷிஃப்டையும் கன்ட்ரோலையும் சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தால் அது தானாகச் சேர்க்கப் போகாது. அதைவிட நல்லது, ஐடியூன்ஸ் இல்லாத கணினியில் செருகுவது. நான் பக்கத்துக் கணினியில் ஐடியூன்ஸை நீக்கிவிட்டு, ஐபாடை டிஸ்க் நிலைக்குக் கொண்டுபோனேன்: மெனு பொத்தானையும் நடுப் பொத்தானையும் அழுத்தி மறுபடி கிளப்பி, ஆப்பிள் சின்னம் தெரிந்ததும் நடுப் பொத்தானையும் பாட்டை ஓட்டும் பொத்தானையும் பிடித்துக்கொள்வது. இனி அது வெறும் டிஸ்க்.

விண்டோஸில் மறைந்த கோப்புகளைக் காட்டச் சொல்லி, அந்தக் கோப்புறை முழுவதையும் அப்படியே நகலெடுத்தோம். எதையும் திறக்காமல், எதையும் திருத்தாமல், முதலில் முழு நகல். பிறகு இன்னொரு டிஸ்க்கில் இரண்டாவது நகல். அதற்கப்புறம்தான் எனக்கு மூச்சு வந்தது. அந்த மருமகன் ஐபாடை விண்டோஸில் தயார் செய்திருந்தது நம் அதிர்ஷ்டம். மாக்கில் தயார் செய்திருந்தால் டிஸ்க் வடிவம் வேறு, விண்டோஸ் அதைப் படிக்க முரண்டு பிடித்திருக்கும்.

குருட்டுப் பெயர்கள் நமக்குப் பிரச்சினையில்லை. ஒவ்வொரு பாட்டுக் கோப்புக்குள்ளும் பெயர், பாடியவர் என்று குறிப்பு இருக்கும். அதைப் படித்துக் கோப்புக்குப் பெயர் சூட்டும் இலவச நிரல்கள் உண்டு. சூட்டினோம். சினிமாப் பாட்டுகள் ரோமன் எழுத்துப் பெயர்களோடு ஒழுங்காக எழுந்து நின்றன. 38 மட்டும் அரைப்புள்ளியும் காற்புள்ளியும் ஆங்கில எழுத்துமாக உளறின. மருமகன் யூனிகோடில் அடிக்கவில்லை. ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் உருவத்தை ஒட்டவைத்த பழைய எழுத்துரு ஒன்றில் அடித்திருக்கிறான். அந்த எழுத்துரு இருந்த கணினியில் தமிழ். மற்ற எங்கும் உளறல். பர்மிய நண்பர்களிடம் இதை விளக்க வேண்டியதே இல்லை. ஸோஜி எழுத்துருவும் யூனிகோடும் ஒன்றையொன்று படிக்காமல் இந்த நாடே பல ஆண்டு தவித்தது. 2019 அக்டோபரில்தான் அரசு யூனிகோடுக்கு மாறியது. அந்த 38க்கும் மாமா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக் கேட்டுப் பெயர் சொன்னார். நான் அடித்தேன். ஒரு மாலை முழுதும் போயிற்று. நடுவே மின்சாரமும் இரண்டு முறை போயிற்று.

காரில் அவை பாடாத காரணமும் அப்போது தெரிந்தது. அவை எம்பி3 அல்ல, எம்4ஏ. ஐடியூன்ஸ் தன் விருப்பத்துக்கு விட்டால் அந்த வடிவத்தில்தான் பாட்டை அமைக்கும். மாமாவின் ரேடியோவுக்குத் தெரிந்தது எம்பி3யும் டபிள்யூஎம்ஏவும் மட்டுமே. ஒரு சுருக்கிய வடிவத்திலிருந்து இன்னொரு சுருக்கிய வடிவத்துக்கு மாற்றினால் ஒலியில் கொஞ்சம் தேயும். ஆகவே காருக்கான பிரதியை மட்டும் 256 கிலோபிட் எம்பி3யாக மாற்றி, மூலத்தைத் தொடாமல் விட்டோம்.

ரேடியோ திரைக்குத் தமிழ் தெரியாது. ஜப்பான் எழுத்தும் ரோமனும் காட்டும், தமிழுக்குக் கட்டம் போடும். எனவே காருக்கான பிரதியில் கோப்புப் பெயர்கள் ரோமனில், முன்னால் 01, 02 என்று எண். எண் கொடுத்தும் முதல் தடவை வரிசை குலைந்தே பாடியது. இதுபோன்ற ரேடியோக்கள் பலவும் பெயரைப் பார்த்து வரிசைப்படுத்துவதில்லை. எந்தக் கோப்பு பென் டிரைவில் முதலில் எழுதப்பட்டதோ அதை முதலில் பாடும். 8 ஜிபி பென் டிரைவை ஃபாட்32 வடிவில் புதிதாக அமைத்து, ஒவ்வொன்றாக வரிசைப்படி ஏற்றியபின் அடங்கியது.

வேறு வகைப் பாடும் கருவிகள் கொண்டு வருபவர்களுக்கு இவ்வளவு பாடு இல்லை. அவற்றில் அமைப்புப் பட்டியலில் எம்டிபி, எம்எஸ்சி என்று இரண்டு தேர்வுகள் இருக்கும். எம்எஸ்சியில் வைத்தால் கருவி வெறும் டிஸ்க்காகத் தெரியும். பெரும்பாலான கார் ரேடியோவுக்கு அதுதான் புரியும். எம்டிபியில் வைத்தால் விண்டோஸ் கொஞ்சும், ரேடியோ திகைக்கும். மாற்றிவிட்டால் வேலை முடிந்தது.

நான்காம் நாள் மாலை பென் டிரைவைச் செருகி, எஞ்சினைக் கிளப்பி, ஹெட்லைட்டும் போட்டுக் கேட்டோம். உடுக்கை கனத்து எழுந்தது. கேசட்டின் இரைச்சல் அப்படியே இருந்தது. அதை நீக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். ஐபாடைத் துணியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இனி அது வண்டியில் ஏறாது, வீட்டு அலமாரியில் இருக்கும் என்றார். ஒரு நகல் என்னிடம், ஒன்று சிங்கப்பூருக்கு.

டிரான்ஸ்மிட்டர் மேசையிலேயே கிடந்தது. தூக்கிப் போட்டுவிடட்டுமா என்று கேட்டபோது பதில் சொல்லாமல் எடுத்துப் போனார். இரண்டு வாரம் கழித்து எதிர்ப்பட்டபோது விசாரித்தேன். பக்கத்து வீட்டுக்காரர் தாய்லாந்திலிருந்து வந்த பிக்கப் ஒன்று வாங்கியிருக்கிறார். அதன் ரேடியோ 108 வரை போகும். 106க்கு மேல் ஓர் இடத்தில் வைத்துக் கொடுத்தாராம். ஊர் முழுக்கச் சுற்றினாலும் ஒரு குறுக்கீடும் இல்லை.

"நல்ல பொருள்தான், சயா. என் வண்டிதான் அதற்குச் சரிப்படவில்லை" என்றார்.